குரோஷே, அதாவது கொக்கி ஊசி பின்னல், போடத் தெரியும், விக்க ஆரம்பிக்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு

"அட, இது நீங்களே போட்டதா, விக்கலாமே"ன்னு யாராவது ஒருத்தர் சொல்லி தான் நம்மள்ல முக்காவாசி பேருக்கு இந்த ஆசையே வரும். எனக்கும் அப்படித்தான். சொன்ன அடுத்த வாரமே பதினாலு கலர்ல நூல் வாங்கிட்டு வந்து தொப்பி, பை, கம்மல், கீசெயின், ஹேர் கிளிப், பூங்கொத்து, போன் பவுச்னு கண்ணுல பட்டதையெல்லாம் போட்டு ஒரு பெட்டி நிறைய சேர்த்து வச்சேன். மூணு மாசம் கழிச்சு பாத்தா அதுல ஒழுங்கா வித்தது ஸ்க்ரஞ்சியும் (முடி கட்டுற, சுருக்கு வச்ச பேண்டு) கிளிப்பும் மட்டும் தான், மிச்சத்தையெல்லாம் வர்ற பிறந்தநாளுக்கெல்லாம் பரிசா குடுத்தே தீர்த்தேன். இப்ப என்கிட்ட யாராவது எப்படி ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா நான் நூல் கடைக்கு போங்கன்னு சொல்றதில்ல, முதல்ல ஒரு நோட்டும் கடிகாரமும் எடுத்து பக்கத்துல வைங்கன்னு தான் சொல்றேன். ஏன்னு போகப் போக புரியும்.

ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. ஸ்வெட்டர் பின்றதுக்கு மிஷின் இருக்கு, ஆனா நம்ம ஊசியில போடுற குரோஷேவை அப்படியே தொழிற்சாலை அளவுல போட்டுத் தள்ளுற மிஷின் கிடையாது. கடையில ரெடிமேடா "குரோஷே டாப்"னு தொங்குறது பெரும்பாலும் வார்ப் நிட்டிங் மிஷின்ல வந்த, பாக்க அந்த மாதிரி தெரியுற துணி. அது நிஜமாவே குரோஷேவா இருந்து அடிமாட்டு விலைக்கும் இருந்துச்சுன்னா எங்கேயோ ஒருத்தர் உக்காந்து கையால போட்டு ரொம்ப கம்மியா கூலி வாங்கியிருக்காங்கன்னு தான் அர்த்தம். அயர்லாந்துல 1840கள்ல பஞ்சம் வந்தப்ப குரோஷே லேஸ் போட்டு வித்து தான் எத்தனையோ குடும்பம் பிழைச்சது, அந்தக் காலத்துல இருந்தே இது நேரத்தை வித்து சாப்பிடுற வேலை. அதனால விலையில அந்த மலிவு சரக்கோட போட்டி போடலாம்னு மட்டும் நினைக்காதீங்க, முடியாது.

முதல்ல மூணே மூணு ஐட்டம்

முப்பது வேண்டாம், மூணு போதும். அதை எப்படி தேர்ந்தெடுக்கிறதுன்னா, ஒண்ணு சீக்கிரம் முடியுறதா இருக்கணும், அரை மணி நேரத்துக்குள்ள, ஸ்க்ரஞ்சி, சின்ன பூ கிளிப், கீசெயின் மாதிரி. இன்னொண்ணு ஒண்ணரை மணி நேரம் வாக்குல எடுக்கிற நடுத்தர ஐட்டம், ஹெட்பேண்டோ இயர்பட்ஸ் பவுச்சோ. மூணாவது பெருசா ஒண்ணு, சின்ன சின்ன சதுரமா போட்டு இணைக்கிற கிரானி ஸ்கொயர் பை மாதிரி. இந்த பெருசு பெரும்பாலும் விக்காது, ஆனா போட்டோல ஆளை இழுக்கும், பைய பாக்க வந்தவங்க கிளிப்பை வாங்கிட்டு போவாங்க. ஆனா பை ஒரே ஒரு பீஸ் தான் போட்டு வைங்க, பத்து போட்டு அடுக்காதீங்க, நான் அடுக்கினேன்.

சைஸ் பாக்க வேண்டிய ஐட்டத்துல ஆரம்பத்துல மாட்டிக்காதீங்க. தொப்பி, க்ராப் டாப், மோதிரம் எல்லாம் "எனக்கு டைட்டா இருக்கு"ன்னு திரும்பி வரும். கிளிப் யாருக்கும் டைட் ஆகாது. அப்புறம் குட்டி பொம்மை போட்டு விக்கிறேன்னு நிறைய பேர் இறங்குறாங்க. பொம்மை குழந்தைங்க கைக்கு போற சாமான், பல நாடுகள்ல அதுக்குன்னு தனியா பாதுகாப்பு சட்டமே இருக்கு. மூணு வயசுக்கு உள்ள இருக்குற குழந்தைக்குன்னா அந்த பிளாஸ்டிக் கண்ணு பேருக்கு தான் சேஃப்டி ஐ, கழண்டா நேரா வாய்க்கு போயிரும், கண்ணை நூல்லயே எம்பிராய்டரி பண்றது தான் சரி. அக்சசரீஸ்ல இறங்குனவங்க முதல் ஆறு மாசம் பொம்மை பக்கமே போகாம இருக்கிறது நல்லதுன்னு நான் சொல்வேன், அது தப்புன்னு யாராவது சண்டைக்கு வந்தா வரட்டும்.

நூல், ஊசி

நிறைய நூலோட லேபிள்ல தடிமனை காட்ட 0ல இருந்து 7 வரைக்கும் ஒரு நம்பர் இருக்கும், 0 லேஸ் நூல், 3 வந்து டிகேன்னு சொல்ற லைட் வெயிட், 4 வொர்ஸ்டட், 7 விரல் தண்டி இருக்குற ஜம்போ. அக்சசரீஸ்க்கு பெரும்பாலும் 2, 3, 4 இந்த மூணுக்குள்ளயே வேலை முடிஞ்சிரும், கம்மலுக்கு மட்டும் அதை விட மெல்லிசு. ஊசி 2 மில்லிமீட்டர்ல இருந்து 5 வரைக்கும் ஒரு செட் இருந்தா போதும். லேபிள்ல 4 மில்லிமீட்டர் ஊசின்னு போட்டிருந்தா அது ஸ்வெட்டர், சால்வைக்கு சொல்றது, கீசெயினுக்கும் பவுச்சுக்கும் அப்படியே போட்டா ஓட்டை ஓட்டையா தொங்கும், ரெண்டு மூணு சைஸ் இறக்கி 3 இல்ல 2.5ல போட்டு பாருங்க, துணி கெட்டியா நிக்கும்.

எந்த நூல்னு கேட்டா ஐட்டத்தை பொறுத்தது. காட்டன் ஸ்டிச்சை அழகா காட்டும், வேர்வை உறிஞ்சும், ஆனா இழுத்தா இழுத்த இடத்துலயே நின்னுரும், திரும்பி வராது. அதனால காட்டன்ல ஹெட்பேண்ட் போட்டா தலை சுத்தளவை விட 5 சென்டிமீட்டர் கம்மியா போடுங்க, இல்லன்னா ரெண்டு நாள்ல கண்ணு மேல வந்து விழும். மினுமினுன்னு ஒரு பளபளப்போட இருக்குறது மெர்சரைஸ்ட் காட்டன், ஜான் மெர்சர்னு ஒருத்தர் 1850ல பேட்டன்ட் வாங்குன முறை அது, நூலை காஸ்டிக் சோடாவுல போட்டு எடுக்குறது, அதுல நூல் பலமாகி சாயமும் நல்லா ஏறும், பின்னாடி வந்தவங்க நூலை இழுத்துப் புடிச்சபடியே அதைப் பண்ணி தான் இந்த பளபளப்பே வந்துச்சு. கம்மலுக்கும் பூவுக்கும் இது தான் பெஸ்ட். அக்ரிலிக் மலிவு, லேசு, கலர் கொள்ளை கொள்ளையா கிடைக்கும், ஆனா மேல இஸ்திரிப் பெட்டியை வச்சீங்கன்னா உருகி பிளாஸ்டிக் மாதிரி பளபளன்னு படிஞ்சிரும், திருப்பி எடுக்கவே முடியாது. கம்பளி நூல்னா சுடுதண்ணியில கசக்கி துவைச்சா சுருங்கி கட்டியாயிரும், வாங்குறவங்ககிட்ட சொல்லி தான் குடுக்கணும்.

லேபிள்ல டை லாட்னு இன்னொரு நம்பர் இருக்கும், தயவு செஞ்சு அதை பாருங்க. ஒரே கலர் ஒரே பேரு, ஆனா லாட் வேறன்னா பக்கத்துல வச்சா வித்தியாசம் தெரியும், அதுவும் பையோட நடுவுல கோடு போட்ட மாதிரி தெரியும். பெரிய ஐட்டத்துக்கு தேவையானதை ஒரே லாட்ல ஒரே தடவையா வாங்கிருங்க, லேபிளை கிழிச்சு எறியாம நோட்டுல ஒட்டி வைங்க.

சாயம் போகுமான்னு பாக்காம எதையும் விக்காதீங்க. என்னோட முதல் நல்ல கஸ்டமர் ஒருத்தங்களுக்கு செவப்பும் வெள்ளையும் கலந்து ஒரு ஹெட்பேண்ட் போட்டு குடுத்தேன், அவ்வளவு அழகு, ஒரே ஒரு துவையல் தான், வெள்ளையெல்லாம் ரோஸ் ஆயிருச்சு. அவங்க திட்டவே இல்ல, போட்டோ மட்டும் அனுப்பினாங்க, அது தான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. இப்ப எந்த புது நூல் வந்தாலும் ஒரு முழம் வெட்டி ஈர வெள்ளை துணியில சுத்தி ராத்திரி பூரா வச்சிருவேன், செவப்பு, அடர் நீலம், கருப்பு இந்த மூணும் தான் பெரும்பாலும் ஏமாத்தும்.

ஒரே ஒரு ஸ்க்ரஞ்சியை கடிகாரத்தோட போட்டு பாருங்க

இப்ப தான் அந்த நோட்டும் கடிகாரமும். சாதா ரப்பர் பேண்டு, அதாவது துணி சுத்துன ஹேர் டை ஒண்ணு எடுத்து அது மேலயே சுத்தி 60 சிங்கிள் குரோஷே (குட்டையான ஸ்டிச்) போடுங்க. அடுத்த சுத்துல ஒவ்வொரு ஸ்டிச்சுக்குள்ளயும் ரெண்டு டபுள் குரோஷே (அதை விட உயரமான ஸ்டிச்), 120 ஆச்சு. இங்கயே நிறுத்துனா சின்ன சுருக்கத்தோட ஒரு ஸ்க்ரஞ்சி ரெடி. ஆனா நமக்கு இன்னும் நல்லா புஸ்ஸுன்னு வேணும்னு ஆசை வரும், அடுத்த சுத்துலயும் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு போடுவோம், 240 ஆயிரும். கவனிங்க, அந்த கடைசி ஒரு சுத்து மட்டும் அதுக்கு முன்னாடி போட்ட எல்லாத்தையும் சேர்த்தாலும் அதை விட பெருசு, 60ம் 120ம் சேர்ந்தா 180 தானே. நிமிஷத்துக்கு 15 ஸ்டிச் போடுற கைன்னா ரெண்டு சுத்துல 12 நிமிஷத்துல முடிய வேண்டியது மூணாவது சுத்தால 28 நிமிஷம் ஆகுது, நூலும் அதே மாதிரி எகிறும். பாக்குறவங்களுக்கு ரெண்டும் ஸ்க்ரஞ்சி தான், "அது கொஞ்சம் பெருசு" அவ்வளவு தான் சொல்வாங்க. ஆனா உங்களுக்கு ரெட்டிப்பு வேலைக்கும் மேல. ரெண்டையும் ஒரே விலைக்கு வித்தீங்கன்னா புஸ்ஸுன்னு இருக்குறது ஒவ்வொண்ணுலயும் கால் மணி நேரம் சும்மா குடுக்குறீங்க.

(இந்த சுருக்கு விஷயம் சாதாரணம் இல்ல. டெய்னா டைமினான்னு ஒரு கணித பேராசிரியர் 1997ல ஹைப்பர்போலிக் தளம்னு சொல்ற, காகிதத்துல ஒழுங்கா காட்டவே முடியாத ஒரு வடிவத்தை குரோஷேல போட்டு காட்டினாங்க, அடிப்படையில நம்ம ஸ்க்ரஞ்சி சுருக்கு தான், கணக்கா ஸ்டிச்சை கூட்டிக்கிட்டே போறது. அடுத்த தடவை யாராவது இதெல்லாம் ஒரு வேலையான்னு கேட்டா சொல்லுங்க.)

இதே மாதிரி உங்க மூணு ஐட்டத்தையும் கடிகாரம் வச்சு போட்டு பாருங்க, ஆனா முதல் பீஸோட நேரத்தை எடுக்காதீங்க, அது தட்டுத்தடுமாறி போட்டது. மூணாவது நாலாவது பீஸோட நேரம் தான் நிஜம். நுனி நூல் சொருகுறது, கிளிப் தைக்கிறது, டேக் மாட்டுறது, பேக்கிங், கஸ்டமருக்கு பதில் போடுறது இதெல்லாமும் நேரம் தான், அதையும் எழுதுங்க.

விலை

எல்லாரும் சறுக்குற இடம் இது. "நூல் காசை மூணால பெருக்குங்க"ன்னு ஒரு ஃபார்முலா எல்லா இடத்துலயும் சுத்திக்கிட்டு இருக்கு, அதை நம்பாதீங்க. ஏன்னு கணக்கு போட்டே காட்டுறேன், எந்த நாட்டு காசுன்னு பேரு வேண்டாம், வெறும் நம்பரா வச்சுக்குவோம்.

ஒரு மணி நேரத்துக்கு உங்க கூலி 120ன்னு வைங்க. அந்த புஸ்ஸு ஸ்க்ரஞ்சிக்கு போடுறதுக்கு 28 நிமிஷம், நுனி சொருக 4, டேக்கும் பேக்கிங்கும் 5, போட்டோவும் பதிலும் சராசரியா 8, மொத்தம் 45 நிமிஷம், அப்ப கூலி 90. நூல் எவ்வளவு போச்சுன்னு மனசுல கணக்கு போடாதீங்க, சமையல் தராசுல முடிஞ்ச பீஸை வச்சு நிறுத்து பாருங்க, ஹேர் டை எடையை கழிச்சிருங்க. 24 கிராம் வருதுன்னு வைப்போம், 100 கிராம் நூல்கண்டு 150ன்னா 36 ஆச்சு. ஹேர் டை 6, கவரும் அட்டையும் 8. சாமான் மொத்தம் 50. கூலியோட சேர்த்து 140. கெட்டுப்போன பீஸு, ஊசி, போன் டேட்டா, இப்படி கணக்குல வராத செலவுக்கு ஒரு 10 சதவீதம் சேருங்க, 154.

இப்ப ஒரு ஆன்லைன் தளத்துல விக்கிறீங்க, எல்லா கட்டணமும் சேர்த்து அவங்க 10 சதவீதம் எடுக்குறாங்கன்னு வைங்க. நாம என்ன பண்ணுவோம், 154ல 10 சதவீதத்தை கூட்டி 169ன்னு போடுவோம். தப்பு. அவங்க 169ல 10 சதவீதம் எடுப்பாங்க, உங்க கைக்கு 152 தான் வரும். 154ஐ 0.9ஆல வகுக்கணும், 171 வரும், அது தான் விலை. சின்ன வித்தியாசம் தான், ஆனா கடைக்காரர் ஒருத்தர் "என் கடையில வைக்கிறேன், எனக்கு 40 சதவீதம்"னு கேக்கும்போது இதே தப்பை பண்ணீங்கன்னா வசமா மாட்டிக்குவீங்க. 154ஐ 0.6ஆல வகுத்தா 257 வருது, கூட்டி பாத்தா 216 தான். 216க்கு ஒத்துக்கிட்டா கைக்கு 130 கூட முழுசா வராது, சாமானுக்கு போக உங்க கூலியிலயே கைய வைக்கணும்.

இதுல லாபம்னு ஒண்ணு இன்னும் வரவே இல்ல பாருங்க, இது வரைக்கும் கூலி மட்டும் தான். ஆரம்பத்துல கூலி வந்தாலே சந்தோஷம், ஆனா அடுத்த நூலை கைக்காசு போட்டு வாங்காம இருக்கணும்னா மேல கொஞ்சமாவது வைக்கணும்.

இப்ப அந்த மூணு மடங்கு ஃபார்முலாவுக்கு வருவோம். லேஸ் நூல்ல ஒரு ஜோடி கம்மல், 3 கிராம் நூல், 70 நிமிஷ வேலை. நூல், கொக்கி, அட்டை எல்லாம் சேர்த்து ஒரு 22 வரும், மூணால பெருக்குனா 66. அந்த 70 நிமிஷத்துக்கு கூலி மட்டுமே 140. புரியுதா? நூல் அதிகம் குடிக்கிற பெரிய சால்வைக்கு வேணா அந்த ஃபார்முலா தற்செயலா ஒத்து வரலாம், நம்ம சின்ன ஐட்டத்துக்கு வரவே வராது.

கணக்கு போட்டு வந்த விலைய பாத்து "இதுக்கு யாரு இவ்வளவு குடுப்பா"ன்னு உங்களுக்கே தோணும். அப்ப விலைய குறைக்காதீங்க, நேரத்தை குறைங்க. மூணாவது சுத்தை எடுத்துட்டு ரெண்டாவது சுத்துல ரெண்டுக்கு பதிலா மூணு போடுங்க, 180 ஸ்டிச், மொத்தம் 240 தான், 16 நிமிஷம், சுருக்கும் நல்லா இருக்கும். இல்ல மொத்தமா உக்காருங்க, பத்து பூவுக்கும் முதல்ல மேஜிக் ரிங் (நடுவுல இழுத்தா இறுகுற நூல் வளையம்) மட்டும் போட்டு வைக்கிறது, அப்புறம் பத்துக்கும் இதழ், அப்புறம் பத்துக்கும் நுனி சொருகுறது, கடைசியா தான் கிளிப் தைக்கிறது. ஊசியும் கத்தரிக்கோலும் மாத்தி மாத்தி தேடுற நேரம் மிச்சமாகும். அப்படியும் வரலன்னா அந்த ஐட்டத்தை விட்டுருங்க, அதை உங்களுக்காக போட்டுக்கோங்க.

முடிப்பு வேலை

கைவேலையில நல்லதா சுமாரான்னு கண்டுபிடிக்கணும்னா திருப்பி பின்பக்கத்தை பாத்தா போதும். சுமாரானதுன்னா நுனி நூலை ஒட்ட வெட்டி முடிச்சு போட்டு விட்டுருப்பாங்க, நாலு நாள்ல பிரிஞ்சு வரும். குறைஞ்சது 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்க, மழுங்கின தையல் ஊசியில கோத்து ஒரு திசையில நாலஞ்சு ஸ்டிச்சுக்குள்ள ஓட்டி, ஒரே ஒரு இழையை தாண்டி திரும்பி வந்து, மறுபடி இன்னொரு திசையில ஓட்டுங்க. மூணு தடவை ஓட்டின நுனி லேசுல வராது. பூ கிளிப்பா இருந்தா நடுவுல மேஜிக் ரிங்கோட நுனியை வட்டத்தை சுத்தி ரெண்டு ரவுண்டு ஓட்டுங்க, இல்லன்னா நடுவுல ஓட்டை பெருசாகிட்டே போகும், அப்புறம் பூ மாதிரி இருக்காது, வடை மாதிரி இருக்கும்.

ஹாட் க்ளூ கன்னை மட்டும் நம்பி கிளிப்பை ஒட்டாதீங்க. வழவழப்பான இரும்பு மேல அது சரியா பிடிக்காது, வெயில்ல நிக்குற வண்டிக்குள்ள கிடந்தா இளகியும் போகும். கிளிப்பை சுத்தி மெல்லிசா ஒரு உறை மாதிரி குரோஷே போட்டோ, இல்ல ஃபெல்ட் துணியை கிளிப்புக்குள்ள விட்டோ, அது மேல பூவை தையுங்க. கம்மல் கொக்கி நிக்கல் இல்லாததா பாத்து வாங்குங்க, நிக்கல் அலர்ஜி இருக்குறவங்களுக்கு காது அரிச்சு புண்ணாயிரும், ஒரே ஒரு ஆளுக்கு அப்படி ஆனாலும் பேரு போச்சு. லேஸ் கம்மல் தொங்கிப் போகாம வெறைப்பா நிக்கணும்னா வெள்ளை பசையையும் தண்ணியையும் சரிக்கு சரி கலந்து நனைச்சு, தெர்மகோல் மேல பாலிதீன் விரிச்சு, குண்டூசி குத்தி இழுத்து காய வைங்க. தண்ணி பட்டா அது இளகும்னு வாங்குறவங்களுக்கு ஒரு சீட்டுல எழுதி குடுத்துருங்க.

பைன்னா கைப்பிடி தான் காலை வாரும். காலி பையா போட்டோல அளவா இருக்கும், தண்ணி பாட்டில் ஒண்ணு போட்டதும் முட்டி வரைக்கும் தொங்கும். கைப்பிடி ஓரத்துல இறுக்கமா ஒரு வரிசை ஸ்லிப் ஸ்டிச் போடுங்க, இல்ல உள்பக்கம் நீளாத நாடா வச்சு தையுங்க. ஒரு கிலோ எடையை உள்ள போட்டு ஒரு நாள் ஆணியில தொங்கவிட்டு அளந்து பாத்துட்டு தான் நான் இப்பல்லாம் விக்கிறேன்.

பேட்டர்ன் யாரோடது?

ராவெல்ரின்னு 2007ல ஆரம்பிச்ச தளம் இருக்கு, இலவசமும் காசுக்குமா பேட்டர்ன் (எந்த ஸ்டிச் எத்தனைன்னு எழுதின செய்முறை) அங்க மலை மாதிரி கிடக்கும். யாரோடதா இருந்தாலும் எழுதினவங்களோட எழுத்து, படம், சார்ட் எல்லாம் அவங்க சொத்து, அதை காப்பி பண்ணி விக்கக் கூடாது. அதை பாத்து நீங்க போட்ட பீஸை விக்கலாமாங்குறது நாட்டுக்கு நாடு மாறும், பெரும்பாலும் பேட்டர்ன் கடைசியிலயே போட்டிருப்பாங்க, என் பேரை சொல்லி வித்துக்கோங்கன்னு சிலர், விக்கவே கூடாதுன்னு சிலர். ஒரு வரி மெசேஜ் போட்டு கேட்டா போச்சு. பிரபலமான கார்ட்டூன் முகத்தை போட்டு கீசெயின் விக்கிறது சீக்கிரம் விக்கும் தான், எல்லாரும் செய்றாங்க தான், ஆனா அது அந்த கம்பெனியோட ட்ரேட்மார்க், ஒரு நாள் திடீர்னு உங்க பேஜே காணாம போகும். அப்புறம் பேட்டர்ன் அமெரிக்கன் முறையா பிரிட்டிஷ் முறையான்னு முதல்லயே பாருங்க, அமெரிக்காவுல சிங்கிள் குரோஷேன்னு சொல்றதை பிரிட்டன்ல டபுள் குரோஷேன்னு சொல்வாங்க, மாத்தி போட்டா பவுச் ரெட்டை உயரத்துக்கு நிக்கும்.

போட்டோ, விக்கிற இடம்

பெரிய கேமரா வேண்டாம். ஜன்னல் பக்கத்துல, நேர் வெயில் படாத வெளிச்சத்துல, பின்னாடி வெள்ளை சார்ட் அட்டை, எதிர் பக்கம் இன்னொரு வெள்ளை அட்டை சாய்ச்சு வச்சா நிழல் குறையும். ராத்திரி மஞ்ச பல்புல எடுத்தா க்ரீம் கலரும் மஞ்சளும் ஒண்ணா தெரியும், அப்புறம் "நான் கேட்ட கலர் இது இல்ல"ன்னு வரும். ஒரு படம் கையில புடிச்சோ தலையில மாட்டியோ இருக்கணும், அளவு தெரியும். ஒண்ணு பின்பக்கம். பின்பக்கத்தை காட்டுறவங்களை ஜனங்க நம்புறாங்க, இது நானே கண்டது.

இன்ஸ்டாகிராம்ல பேஜ், வாட்ஸ்அப் பிசினஸ்ல கேட்டலாக், ஆரம்பத்துக்கு இது ரெண்டுமே போதும். எட்ஸி 2005ல இருந்து கைவேலைக்குன்னே இருக்குற தளம், வெளிநாட்டு கஸ்டமர் கிடைப்பாங்க, ஆனா விக்கிற விலையில 6.5 சதவீதம், அது போக ஒவ்வொரு லிஸ்டிங்குக்கும் ஒரு சின்ன தொகை, பணம் வாங்கித் தர்றதுக்கு தனியா ஒண்ணுன்னு போகும், அதெல்லாம் விலைய வகுத்து போடும்போது சேர்த்துக்கோங்க. விலையை "டிஎம் பண்ணுங்க"ன்னு மறைச்சு வைக்காதீங்க, பாதி பேர் கேக்க கூச்சப்பட்டே போயிருவாங்க. போட்டோவுக்கு கீழயே விலை, அளவு, எந்த நூல், எத்தனை நாள்ல கிடைக்கும்னு எழுதிருங்க, நாலு கேள்வி மிச்சம்.

ஸ்டால் போடுறவங்களுக்கு ரெண்டே விஷயம். எல்லாத்தையும் மேஜையில படுக்க வைக்காதீங்க, கண்ணு உயரத்துக்கு ஒரு பலகையோ கம்பி வலையோ வச்சு தொங்கவிடுங்க. சும்மா போனை பாத்துக்கிட்டு உக்காராம கையில ஊசியை வச்சு போட்டுக்கிட்டே இருங்க, நின்னு பாக்காம யாரும் போக மாட்டாங்க.

ஆர்டர் வாங்கும்போது

கஸ்டம் ஆர்டர்னா பாதி பணம் முன்னாடியே வாங்கிருங்க, தெரிஞ்சவங்களா இருந்தாலும். தெரிஞ்சவங்க தான் அதிகமா ஏமாத்துவாங்கன்னு சொல்ல வரல, அவங்க கிட்ட தான் நமக்கு கேக்க வாய் வராது. கலர், அளவு, எண்ணிக்கை, தேதி, எத்தனை தடவை மாத்தலாம், எல்லாத்தையும் ஒரே மெசேஜா எழுதி அனுப்பி "சரி"ன்னு பதில் வந்த பிறகு தான் ஊசியை தொடணும். நாள் சொல்லும்போது உங்களுக்கு எத்தனை நாள் ஆகுமோ அதுல பாதியை மேல சேர்த்து சொல்லுங்க, ஆறு நாள் வேலைன்னா ஒன்பது.

நான் ஒரு தடவை 40 கீசெயின் அஞ்சு நாள்ல தர்றேன்னு ஒத்துக்கிட்டேன், ஒண்ணு 35 நிமிஷம் தானேன்னு. 40ஐ 35ஆல பெருக்கி பாத்திருந்தா 23 மணி நேரத்துக்கும் மேலன்னு தெரிஞ்சிருக்கும், பாக்கல. குடுத்து முடிச்சேன், ஆனா அடுத்த பத்து நாள் வலது கட்டை விரல் மரத்து போயி டம்ளரை கூட தூக்க பயம். அப்ப தான் தெரிஞ்சது இந்த தொழில்ல உடைஞ்சா மாத்த முடியாத சாமான் மணிக்கட்டு ஒண்ணு தான்னு. அரை மணிக்கு ஒரு தடவை ஊசியை கீழ வச்சு விரலை விரிச்சு மடக்குங்க, தோளை தளர்த்துங்க, கைப்பிடி தடியா இருக்குற ஊசி வாங்குங்க. மரமரப்பு ராத்திரியிலயும் வந்து தூக்கத்தை கெடுத்துச்சுன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க, தைலம் தடவி ஓட்டாதீங்க.

அனுப்பும்போது ஈரம் படாத கவர்ல போட்டு, துவைக்கிற முறையை ரெண்டு வரியில எழுதின ஒரு அட்டை, அதே நூல்ல ஒரு முழம் சின்னதா சுத்தி உள்ள வச்சு விடுங்க, பிரிஞ்சா அவங்களே தைச்சுக்கலாம். செலவே இல்ல, ஆனா அதை பாத்து மறுபடி ஆர்டர் பண்ணவங்க எனக்கு நிறைய பேர்.

வர்ற காசையும் போற காசையும் தனி கணக்குல வைங்க, உங்க நாட்டுல சின்ன தொழிலுக்கு பதிவு, வரி என்னன்னு ஒரு தடவை விசாரிச்சு வச்சுக்கோங்க, பிசினஸ் வளர்ந்த பிறகு பழசை தோண்டி எடுக்குறது பெரும்பாடு.

மாசக் கடைசியில நோட்டை எடுத்து ஒவ்வொரு ஐட்டத்துக்கும் எதிர்ல எத்தனை போட்டோம், எத்தனை வித்துச்சு, மணிக்கு எவ்வளவு வந்துச்சுன்னு எழுதி பாருங்க. மனசுக்கு பிடிச்ச ஐட்டம் ஒண்ணு அந்த லிஸ்ட்ல கடைசியில நிக்கும், அதை அடிக்க கை வராது. எனக்கு அது ஒரு சூரியகாந்தி தொப்பி. ஏழு மணி நேரம் போட்டது, பாத்தவங்க எல்லாரும் தலையில மாட்டி போட்டோ எடுத்தாங்க, ஒருத்தர் கூட வாங்கல. நோட்டுல அதை அடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, இப்ப வெயில்ல வெளிய போகும்போது நான் தான் மாட்டிக்கிட்டு போறேன், போன வாரம் கூட பஸ்ஸுக்காக நிக்கும்போது ஒரு பொண்ணு "அக்கா இது எங்க வாங்குனீங்க"ன்னு கேட்டுச்சு, கிளிப் அட்டை ரெண்டு பைக்குள்ள இருந்துச்சு, எடுத்து குடுத்தேன்.